அமெரிக்க அதிபர் மறுபடியும் ஜெயிப்பாரா? நீங்களே கணிக்கப் பழகலாம்

2028 தேர்தலில் இந்தக் கேள்விக்கு வேலையே இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்கிறது 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது அரசியல் சட்டத் திருத்தம். டொனால்ட் ட்ரம்ப் 2016இலும் 2024இலும் ஜெயித்தாகிவிட்டது. இடையில் துணை அதிபர் அந்த நாற்காலிக்கு வர நேர்ந்தால் ஒழிய, பதவியில் இருக்கும் அதிபர் மறுபடி ஓட்டுக் கேட்டு நிற்பதை 2032இல்தான் பார்க்க முடியும். அதுவும் நல்லதுதான். பரீட்சைக்கு நிறைய நாள் இருக்கிறது, அதுவரை பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கலாம்.

நான் அப்படித்தான் பழகினேன். தேவைப்படுவது ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, ஒரு கால்குலேட்டர். பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். என் 2020 நோட்டில் புளோரிடாவுக்கு நேரே ‘பைடன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கே ட்ரம்ப் 3 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் அடக்கம் வருகிறது.

முதல் படி: எண்ணாக எழுதுங்கள்

‘கண்டிப்பா ஜெயிப்பார்’ என்று எழுதாதீர்கள். ‘100க்கு 65’ என்று எழுதுங்கள், பக்கத்தில் தேதி போடுங்கள். புதிதாக ஏதாவது தெரியவந்தால் அடுத்த வரியில் புது எண்ணும் புதுத் தேதியும், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியமும். இவ்வளவுதான் விதி.

எண் எதற்கு என்று கேட்கலாம். 2016 தேர்தல் நாளன்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற கணிப்புத் தளம் ட்ரம்புக்கு ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு என்றது. அவர் ஜெயித்ததும் கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஊரே கேலி செய்தது. 29 சதவீதம் என்பது ஆறு பக்கப் பகடையை உருட்டினால் ஒன்றோ இரண்டோ விழுவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அது விழுந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ‘தோற்பார்’ என்று மொட்டையாகச் சொன்னவர்களைவிட 29 என்று சொன்னவர்கள் நன்றாகவே கணித்திருந்தார்கள்.

இரண்டாம் படி: வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்

வேட்பாளர் பெயரை மறந்துவிடுங்கள். ‘ஒரு அதிபர்’ என்று மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 1900 முதல் 2020 வரை, பதவியில் இருந்தபடியே பொதுத்தேர்தலில் நின்ற சந்தர்ப்பங்கள் 21. அதில் வெற்றி 15. தோற்றவர்கள் ஆறு பேர்: 1912இல் டாஃப்ட், 1932இல் ஹூவர், 1976இல் ஃபோர்டு, 1980இல் கார்ட்டர், 1992இல் மூத்த புஷ், 2020இல் ட்ரம்ப்.

இந்த 21ஐ இன்னொரு விதமாகப் பிரித்தால்தான் விஷயம் தெளிவாகும். அவருடைய கட்சி வெள்ளை மாளிகைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறதா, அதற்கு மேலா? நான்கு வருடம்தான் என்றால் 13 சந்தர்ப்பங்களில் 11 வெற்றி. கார்ட்டரும் ட்ரம்பும் மட்டும்தான் விதிவிலக்கு. எட்டு வருடம், பன்னிரண்டு வருடம் என்று இழுத்துவிட்டால் 8இல் 4 மட்டுமே வெற்றி, அந்த நாலிலும் இரண்டு ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒருவருடையவை. மக்களுக்கு ஒரு கட்சியின் முகம் சலித்துப்போவதற்கு ஏறக்குறைய எட்டு வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் 11/13 என்று 85 சதவீதத்தில் தொடங்கிவிடலாமா? நான் தொடங்க மாட்டேன். 2016, 2020, 2024 மூன்று தேர்தலிலும் வெள்ளை மாளிகையில் இருந்த கட்சி தோற்றிருக்கிறது. கோபமான காலம் இது. முதல் நான்கு வருடம் முடித்த அதிபர் என்றால் 65, கட்சி அதற்கு மேல் இருந்திருந்தால் 50 என்று தொடங்குவேன். நீங்கள் 70 என்று தொடங்கினாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

மூன்றாம் படி: நாடு ஓட்டுப் போடுவதில்லை, மாநிலங்கள் போடுகின்றன

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நாடு முழுக்க யாருக்கு அதிக ஓட்டு என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை. மாநிலங்களுக்கு மக்கள்தொகையை ஒட்டிப் பிரித்துக் கொடுத்த தேர்வாளர் வாக்குகள் மொத்தம் 538, அதில் 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர் வாக்கும் போய்விடும். 2016இல் ஹிலரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாக வாங்கியும் தோற்றது இதனால்தான்.

மறுபடி நிற்கும் அதிபருக்கும் இதே கத்திதான். 2004இல் இளைய புஷ் நாடு முழுக்க சுமார் 30 லட்சம் ஓட்டு முன்னால் இருந்தார். ஆனால் ஓஹையோவில் வித்தியாசம் சுமார் 1,18,000 ஓட்டுகள்தான். அந்த ஒரு மாநிலம் எதிர்த்து நின்ற ஜான் கெர்ரி பக்கம் சாய்ந்திருந்தால் புஷ் வீட்டுக்குப் போயிருப்பார்.

எனவே நோட்டில் 50 மாநிலங்களையும் எழுத வேண்டாம். கலிபோர்னியா யாருக்கு, வயோமிங் யாருக்கு என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இழுபறி மாநிலங்கள் போதும். 2024இல் அவை ஏழு, அடைப்புக்குறிக்குள் தேர்வாளர் வாக்குகள்: பென்சில்வேனியா (19), வட கரோலினா (16), ஜார்ஜியா (16), மிச்சிகன் (15), அரிசோனா (11), விஸ்கான்சின் (10), நெவாடா (6). 2032க்குள் 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து இந்த எண்கள் மாறிவிடும். பட்டியலே மாறலாம். ஒரு காலத்தில் புளோரிடாவும் ஓஹையோவும் இல்லாமல் இப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நான்காம் படி: மக்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

‘அதிபர் தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்குத் திருப்தியா, இல்லையா?’ காலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டு வந்தது. ஒரே அளவுகோலால் அளந்தது என்பதால் பழையவர்களையும் புதியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடிகிறது.

தேர்தலுக்கு முந்தைய கடைசி அளவீட்டில் 50 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தவர்கள் ஐசனோவர், ஜான்சன், நிக்சன், ரீகன், கிளின்டன், ஒபாமா. எல்லோரும் ஜெயித்தார்கள். 40க்குக் கீழே இருந்த கார்ட்டரும் மூத்த புஷ்ஷும் தோற்றார்கள். சிக்கல் நடுவில்தான். 48 வைத்திருந்த இளைய புஷ் ஜெயித்தார், 46 வைத்திருந்த ட்ரம்ப் தோற்றார், 45 வைத்திருந்த ஃபோர்டு தோற்றார். 1948இல் 40ஐ ஒட்டியே இருந்த ட்ரூமன் மட்டும் எல்லாக் கணக்கையும் கலைத்துவிட்டு ஜெயித்தார். 50க்கு மேல் என்றால் உங்கள் எண்ணை 15 கூட்டுங்கள், 43க்குக் கீழே என்றால் 20 குறையுங்கள், நடுவில் என்றால் கையை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைத் தேர்தல் வருடத்தின் ஜூன் மாதத்துக்கு முன்னால் பார்த்து மயங்க வேண்டாம். வளைகுடாப் போர் முடிந்த 1991 மார்ச்சில் மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீதம். அடுத்த வருடம் கோடையில் அது 30க்கும் கீழே.

ஐந்தாம் படி: விலைவாசி, வேலை, சம்பளம்

பொருளாதாரத்தில் அளவைவிடத் திசை முக்கியம். 1984 நவம்பரில் வேலையின்மை 7.2 சதவீதம், அப்படியொன்றும் நல்ல எண் இல்லை. ஆனால் இரண்டு வருடம் முன்னால் அது 10.8. இறங்கிக்கொண்டிருந்தது, ரீகன் 525 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தார். 1992 ஜூனில் 7.8 சதவீதம், ஏறி வந்து நின்ற எண். பொருளாதார மந்தம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று நிபுணர்கள் பின்னால் கணக்குச் சொன்னார்கள். வேலை போனவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? புஷ் தோற்றார்.

விலைவாசி இன்னும் மோசமான பேர்வழி. வேலை போவது சிலருக்கு, விலை ஏறுவது எல்லோருக்கும். 1980இல் பணவீக்கம் 13.5 சதவீதம். அதோடு தெஹ்ரான் தூதரகத்தில் பிணைக்கைதிகளாக 52 அமெரிக்கர்கள். அவர்கள் பிடிபட்டு சரியாக ஒரு வருடம் முடிந்த நாளில்தான் தேர்தலே நடந்தது. கார்ட்டருக்குக் கிடைத்தது 49 தேர்வாளர் வாக்குகள். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டு, 2024இல் 3 சதவீதத்துக்கு இறங்கியது. ‘பணவீக்கம் குறைந்துவிட்டது’ என்று பைடன் அரசு சொன்னது உண்மைதான். ஏறும் வேகம் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. கடையில் முட்டை வாங்குகிறவர் பார்ப்பது இரண்டாவதை.

புள்ளிவிவரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஐப் பாருங்கள். கொரோனாவால் உற்பத்தி அதலபாதாளத்துக்குப் போனது, ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. அந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் ட்ரம்ப் டெபாசிட் இழக்க வேண்டும். அதே மாதம் அரசு வீட்டுக்கு வீடு காசோலை அனுப்பியதால் மக்கள் கையிலிருந்த வருமானம் கூடியது. அந்த எண்ணைப் போட்டால் ட்ரம்ப் அள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

ஆறாம் படி: வீட்டுக்குள்ளே சண்டையா?

இது சின்னப் படி, ஆனால் நான் மிகவும் நம்புவது. அதிபரின் சொந்தக் கட்சியிலேயே ஒரு கனமான ஆள் உள்கட்சித் தேர்தலில் எதிர்த்து நிற்கிறாரா? 1976இல் ஃபோர்டை எதிர்த்து ரீகன். 1980இல் கார்ட்டரை எதிர்த்து எட்வர்டு கென்னடி. 1992இல் புஷ்ஷை எதிர்த்து பேட் புக்கானன். மூவருமே உள்கட்சியில் தப்பித்தார்கள், நவம்பரில் தோற்றார்கள். எதிர்த்தவரால் அதிபர் தோற்றார் என்பதைவிட, அதிபர் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்ததால்தான் எதிர்க்கத் துணிந்தார் என்பதே சரி.

இங்கேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: நவம்பர் வரை அவர் களத்தில் இருப்பாரா? ட்ரூமன் 1952இலும் ஜான்சன் 1968இலும், முதல் உள்கட்சித் தேர்தல் நடந்த நியூ ஹாம்ப்ஷையர் அடி கொடுத்த பிறகு மார்ச் மாதத்திலேயே ஒதுங்கினார்கள். பைடன் 2024 ஜூன் 27 விவாதத்தில் தடுமாறி, ஜூலை 21இல் விலகினார். அந்த வருடம் அவருக்குப் பதில் நின்ற கமலா ஹாரிஸுக்காக, அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூசை நடந்தபோது, நம்மில் பலர் போட்டது கணிப்பு அல்ல, வேண்டுதல். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது.

ஏழாம் படி: கருத்துக்கணிப்பைப் படிக்கும் விதம்

1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ரூஸ்வெல்ட் தோற்பார், லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பத்திரிகை முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் போனும் காரும் வைத்திருந்தவர் யார்? திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் பெரும்பாலும் அதிபர்மேல் கடுப்பில் இருந்தவர்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ‘கூட்டல் கழித்தல் 3’ என்று போட்டிருக்கும். அது ஒவ்வொருவருடைய சதவீதத்துக்கும் உரியது. இருவருக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும். அதனால் 48-46 என்று வந்த ஒரு கணிப்பைப் பார்த்து ‘முந்துகிறார்’ என்று எழுதாதீர்கள். ஒற்றைக் கணிப்பை விட்டுவிட்டு, அந்த மாநிலத்தின் கடைசி ஐந்தாறு கணிப்புகளின் சராசரியை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் சராசரியையும் சந்தேகப்படுங்கள். 2020இல் விஸ்கான்சினில் பைடன் 7, 8 புள்ளி முன்னால் இருப்பதாகக் கடைசி சராசரிகள் காட்டின. அவர் ஜெயித்தது ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். ஒரு மாநிலத்தில் இப்படித் தவறினால் பக்கத்து மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் அதே பக்கமாகவே தவறும். மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் காய்வதில்லை. இந்தத் தவறு எப்போதும் ஒரே கட்சிக்குச் சாதகமாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2012இல் காலப் தன் கடைசிக் கணிப்பில் ராம்னி ஒரு புள்ளி முன்னால் என்றது, ஒபாமா ஏறக்குறைய 4 புள்ளியில் ஜெயித்தார்.

அதற்கு நான் செய்யும் வைத்தியம் இது. நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் மாநிலச் சராசரிகளை அப்படியே வைத்து 270ஐ எண்ணுங்கள். இரண்டாவதில் எல்லா மாநிலத்திலும் அதிபருக்கு 4 புள்ளி கூட்டி எண்ணுங்கள். மூன்றாவதில் 4 புள்ளி குறைத்து எண்ணுங்கள். மூன்றிலும் ஜெயித்தால் 85க்கு மேல் எழுதலாம். முதல் இரண்டில் மட்டும் என்றால் 60, 65. இரண்டாவதில் மட்டும் என்றால் 25, 30. மூன்றிலும் தோற்றால்கூடப் பூஜ்யம் எழுதாதீர்கள், 5 முதல் 15 வரை எழுதுங்கள்.

இந்த வேலையை செப்டம்பருக்கு முன்னால் செய்வதில் பயனில்லை. 1976 ஜூலையில் எதிர்க்கட்சி மாநாடு நடந்த பிறகு ஃபோர்டு 30 புள்ளிக்கு மேல் பின்னால் கிடந்தார், நவம்பரில் தோற்றது 2 புள்ளியில். 1980இல் கடைசி வாரம் வரை இழுபறி என்றார்கள், ரீகன் ஏறக்குறைய 10 புள்ளியில் ஜெயித்தார்.

கண்டுகொள்ள வேண்டாதவை

‘7.2 சதவீதத்துக்கு மேல் வேலையின்மை இருந்தால் எந்த அதிபரும் ஜெயித்ததில்லை’ என்று ஒரு விதி 2012 முழுக்கச் சுற்றியது. ரூஸ்வெல்ட்டுக்குப் பிறகு என்ற நிபந்தனையோடுதான். 8ஐ ஒட்டிய வேலையின்மையோடு ஒபாமா அதை உடைத்தார். வாஷிங்டன் கால்பந்து அணி தேர்தலுக்கு முந்தைய கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ஜெயித்தால் ஆளும் கட்சி ஜெயிக்கும் என்று இன்னொன்று, 1940 முதல் 2000 வரை பலித்தது. 2004இல் அணி தோற்றது, புஷ் ஜெயித்தார். இண்டியானா மாநிலத்தின் விகோ கவுண்ட்டி (கவுண்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1956 முதல் 2016 வரை ஒவ்வொரு முறையும் ஜெயிப்பவருக்கே ஓட்டுப் போட்டது, 2020இல் அதுவும் போனது. ஆயிரக்கணக்கான கவுண்ட்டிகள் இருந்தால் ஒன்றிரண்டு இப்படி அமையத்தான் செய்யும்.

ஆலன் லிக்ட்மன் என்ற வரலாற்றுப் பேராசிரியரின் 13 சாவிகளைப் பற்றிக் கண்டிப்பாகக் கேள்விப்படுவீர்கள். 1981இல் ஒரு சோவியத் நிலநடுக்க ஆய்வாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறை. 13 கேள்விகளில் ஆறோ அதற்கு மேலோ பாதகமானால் ஆளும் கட்சி தோற்கும். 2016, 2020 இரண்டிலும் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார், 2024இல் ஹாரிஸ் என்று சொல்லித் தவறினார். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ‘வேட்பாளருக்கு வசீகரம் உண்டா’ என்பதற்கு யார் பதில் எழுதுகிறார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலின் தோல்வியையும் பெரிதுபடுத்த வேண்டாம். 1982இல் ரீகன், 1994இல் கிளின்டன், 2010இல் ஒபாமா மூவருமே அதில் அடி வாங்கி, இரண்டே வருடத்தில் எழுந்து நின்றவர்கள்.

இரண்டு பழைய வினாத்தாள்கள்

2012: கட்சிக்கு முதல் நான்கு வருடம், 65. உள்கட்சியில் கனமான ஆள் யாரும் எதிர்க்கவில்லை, 70. வேலையின்மை 10இலிருந்து 8க்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் அதிகம், 70 அப்படியே. அக்டோபர் 3 டென்வர் விவாதத்தில் ஒபாமா சொதப்பினார், நானாக இருந்தால் 65 ஆக்கியிருப்பேன். கடைசியில் ஆதரவு 50ஐத் தாண்டியது, ஓஹையோ சராசரி அவர் பக்கம், 80. முடிவு 332-206.

2020: அதே 65, உள்கட்சியில் கனமான எதிர்ப்பு இல்லை, 70. காலப் அளவீட்டில் கடைசியில் 46, நடுவில்தான், ஆனால் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட 50ஐத் தொடவில்லை என்பதால் என் விதியையே மீறி 60. பொருளாதாரம் குழப்பம், 50. மாநிலச் சராசரிகளில் 4 புள்ளி கூட்டினாலும் 270 எட்டவில்லை, 15. ட்ரம்ப் தோற்றார், 306-232. ஆனால் அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682: மூன்றையும் கூட்டினால் 43,000 ஓட்டுகூட இல்லை. அவை அந்தப் பக்கம் விழுந்திருந்தால் 269-269. அந்த 15 கொஞ்சம் குறைவுதான், 20 எழுதியிருக்கலாம்.

தேர்தலன்று காலை

நமக்கு அது புதன்கிழமை. அமெரிக்கக் கடிகார மாற்றம் முடிந்திருந்தால், இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5.30க்கு ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு முடியும். 6.30க்கு பென்சில்வேனியா, 7.30க்கு விஸ்கான்சினும் அரிசோனாவும். முதல் ஒரு மணி நேரம் திரையில் ஓடும் மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். தேர்தல் நாளுக்கு முன் தபால் ஓட்டைப் பிரிக்க பென்சில்வேனியா, விஸ்கான்சின் சட்டங்கள் அனுமதிப்பதில்லை. அதனால் எந்தக் கட்டு முதலில் வருகிறதோ அதற்கேற்ப எண் ஏறி இறங்கும். 2020இல் செவ்வாய் நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் முடிவு சொன்னார்கள்.

அதற்குப் பதிலாக, ஏறக்குறைய முழுதும் எண்ணி முடித்த ஒரு கவுண்ட்டியை எடுத்துப் போன தேர்தலோடு ஒப்பிடுங்கள். நான் பார்ப்பது பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலையிலிருக்கும் ஈரி. 2012இல் ஒபாமா, 2016இல் ட்ரம்ப், 2020இல் பைடன், மறுபடி 2024இல் ட்ரம்ப். விகோவைப் போல இதுவும் ஒருநாள் காலை வாரும், தெரியும். அதனால் யார் ஜெயித்தார் என்பதை எழுதுவதில்லை, போன முறையைவிட அதிபருக்கு எத்தனை புள்ளி ஏறியது, இறங்கியது என்பதை மட்டும் எழுதுகிறேன். 2 புள்ளி இறங்கியிருந்தால் மிச்சிகன் பக்கத்தைத் திறக்கிறேன்.